தானாகப் போன சிறுநீர்: பனையிலிருந்து விழுந்த ஒருவரின் நீர்ப்பை

பங்குனி மாதம், பதநீர் இறங்கும் காலம். தெற்கே கடலோரப் பனங்காடு ஒன்றில் 34 வயதுப் பனையேறி ஒருவர் விடியற்காலையில் பாளை சீவ ஏறினார். ஏறக்குறைய 30 அடி உயரத்தில் கால் வழுக்கி, முதுகு அடிபட விழுந்தார். நினைவு தப்பவில்லை. மார்புக்குக் கீழே உடம்பு தன்னுடையதாகவே தெரியவில்லை என்று விழுந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறார். நாலு பேர் தூக்கி வேனில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீர் போனாரா என்று மட்டும் பதினோரு மணி நேரம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் முட்டவில்லை, அதனால் அவரும் கேட்கவில்லை. சாயங்காலம் துணி மாற்றும்போது அவர் மனைவிதான் அடிவயிற்றைப் பார்த்துப் பயந்தார். “குடத்தைக் கவுத்தி வச்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்” என்று பிறகு என்னிடம் சொன்னார். டியூப் போட்டதும் 1,200 மி.லி. வந்தது.

மூன்றாம் நாள் வேறொரு பெரிய மருத்துவமனையில் முதுகெலும்பைத் திருகாணி வைத்து நிலைப்படுத்தினார்கள். ஐந்தாவது வாரம் எங்கள் மறுவாழ்வு வார்டுக்கு வந்தார். ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. அந்த மட்டத்தில் தண்டுவடம் முழுமையாகச் செயலிழந்திருந்தது. முலைக்காம்புக்குச் சற்றுக் கீழிருந்து தொடு உணர்வு கிடையாது, கால்கள் துவண்டு கிடந்தன. கைகளில் மட்டும் பனையேறிக்கே உரிய பலம் அப்படியே இருந்தது. அந்தக் கைகள்தான் பின்னால் அவருடைய சிறுநீரகங்களைக் காப்பாற்றின.

எழுந்து நடப்பாரா என்பதுதான் குடும்பத்துக்கு ஒரே கேள்வி. எனக்கு இருந்த கவலை நீர்ப்பையைப் பற்றியது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு தசைகள்

நடந்ததைப் புரிந்துகொள்ள, அடிபடாத உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிறுநீரகங்கள் மணிக்குச் சராசரியாக 60 மி.லி. போல சிறுநீரைக் கீழே அனுப்புகின்றன. நீர்ப்பையின் சுவர் ஒரு தசை, டெட்ரூசர் என்று பெயர். அது நிறைய நிறைய விரிந்து இடம் கொடுக்கும். 50 மி.லி. இருந்தாலும் 350 மி.லி. இருந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாது என்பதுதான் அதன் சிறப்பு. பலூன் அப்படியல்ல, ஊத ஊத எதிர்க்கும். அழுத்தம் ஏறாமல் இருந்தால்தான் மேலே சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தடையில்லாமல் இறங்கும்.

வாசலில் இரண்டு காவல். நீர்ப்பையின் கழுத்தில் இருப்பது நம் சொல்லுக்குக் கட்டுப்படாத உள் சுருக்குத்தசை. அதற்குக் கீழே, நாம் நினைத்து இறுக்கக்கூடிய வெளிச் சுருக்குத்தசை. சேர்த்துவைக்கும் நேரத்தில் டெட்ரூசர் தளர்ந்திருக்க வேண்டும், சுருக்குத்தசைகள் இறுகியிருக்க வேண்டும். வெளியேற்றும் நேரத்தில் இது தலைகீழாக மாற வேண்டும். சுருக்குத்தசை முதலில் தளரும், அடுத்த கணம் டெட்ரூசர் சுருங்கும். ஒன்று விட்டுக்கொடுக்கும்போதுதான் மற்றது வேலை செய்ய வேண்டும்.

இதற்கு மூன்று நரம்பு வழிகள் உண்டு. தண்டுவடத்தின் கீழ் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் வரும் பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே தாமாக இயங்குபவை) டெட்ரூசரைத் தளரவைத்து நீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். இது சேமிப்புக்கான வழி. தண்டுவடத்தின் கடைசியில் இருக்கும் சாக்ரல் கண்டங்களில், அதாவது துண்டுகளில், இரண்டு முதல் நான்கு வரை உள்ளவற்றிலிருந்து துணைப்பரிவு நரம்புகள் கிளம்புகின்றன. அவை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து டெட்ரூசரைச் சுருங்கவைக்கும். அதே சாக்ரல் கண்டங்களிலிருந்து புடெண்டல் நரம்பு கிளம்பி வெளிச் சுருக்குத்தசைக்குப் போகிறது. இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசியாமல் பிடிப்பது அதுதான்.

சரி, எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்று யார் முடிவெடுப்பது? நீர்ப்பை விரியும்போது அதன் சுவரில் இருக்கும் உணர்வு நரம்புகள் செய்தியைத் தண்டுவடம் வழியாக நடுமூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சுமார் 150, 200 மி.லி. அளவில் லேசாகத் தெரியும், 400 தாண்டினால் முட்டும். நடுமூளைக்குக் கீழே மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளில் செய்த ஆய்வுகளிலிருந்து 1925-இல் அதை எடுத்துக் காட்டினார். அது செயல்பட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள் கீழே போகும்: டெட்ரூசருக்குச் சுருங்கு என்று, சுருக்குத்தசைக்குத் தளர் என்று. ஒத்திசைவு பிறக்கும் இடம் அதுதான். அதற்கும் மேலே முன்மூளை உட்கார்ந்து, இப்போது வேண்டாம், பேருந்து நிலையம் வரட்டும் என்று பிடித்துவைக்கும்.

குழந்தைக்கு இந்த மேல்பிடி இன்னும் முதிர்ந்திருக்காது. அம்மாக்கள் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைப் பாதத்தின் மேல் வைத்து “ஸ்ஸ்ஸ்” என்று ஒலி எழுப்புவது, அந்த முதிர்ச்சிக்குக் காத்திருக்கும் காலத்தில் உடம்புக்கு ஒரு நேரத்தைப் பழக்குவதுதான். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு வந்துவிடும். வளர்ந்தவர்களிடமும் மேல்மூளையின் கை தெரியும். வீட்டு வாசலில் சாவியைத் திருப்பும்போதுதான் பொறுக்க முடியாமல் முட்டும். நீர்ப்பையில் அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் கூடியிருக்காது, கழிவறை பக்கத்தில் வந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாதை அறுந்தபோது

எங்கள் நோயாளிக்கு அறுந்தது இந்தப் பான்ஸுக்கும் சாக்ரல் கண்டங்களுக்கும் இடையிலான பாதை. மேலே கட்டளை கொடுப்பவர் நலம். கீழே வேலை செய்பவர்களும் நலம். இடையில் சேதி போக வழியில்லை.

முதல் சில வாரங்கள் தண்டுவட அதிர்ச்சி என்ற நிலை. அடிபட்ட இடத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள்கூட அடங்கிவிடும். நீர்ப்பை துவண்ட பையாக நிறைந்துகொண்டே போகும், சுருங்காது. முதல் நாளில் 1,200 மி.லி. தேங்கியது அதனால்தான். அவ்வளவு நீட்டி இழுத்தால் சுவரின் தசைநார்களும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படும். தண்டுவடத்தில் அடிபட்டவர் வந்தால் முதல் சில மணி நேரத்திலேயே டியூப் போட வேண்டும். வலிக்கு ஊசி போடுகிற அவசரம் இதற்கும் வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களிடம் ஒவ்வொரு ஆண்டும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இருப்பதில்லை. இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு முடிந்துவிடும். சாக்ரல் கண்டங்கள் மார்பின் கடைசி முள்ளெலும்பு, இடுப்பின் முதல் முள்ளெலும்பு மட்டத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மரத்திலிருந்து விழுபவர்களில் நிறையப் பேருக்கு அந்த இடம்தான் நொறுங்கும். அப்போது கீழே வேலை செய்பவர்களே போய்விடுவார்கள், நீர்ப்பை கடைசிவரை துவண்டே இருக்கலாம். இவருக்கு அடி மேலே. அதனால் கதை வேறு விதமாகப் போனது.

ஆறாம் வாரம் நிரந்தர டியூப்பை எடுத்துவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் செருகிச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறைக்கு மாற்றினோம். அவரே செய்யக் கற்றுக்கொண்டார். பத்தாம் வாரம் வீட்டுக்குப் போனார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கை கழுவி, என்று எல்லாம் சொன்னோம். ஒன்றைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் சிறுநீர் தானாக வர ஆரம்பிக்கும், அதை நம்பாதீர்கள் என்று யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

ஏழாம் மாதம்

மூன்றாம் மாதத்தில் கால்கள் தாமாகத் துள்ள ஆரம்பித்தன. அதே வாரத்தில் இரண்டு டியூப்புக்கு நடுவில் சிறுநீர் தானாக வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தினார்கள். டியூப்பை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், அப்புறம் நிறுத்தியே விட்டார்கள். அடிவயிற்றில் விரலால் தட்டினால் வரும் என்று வார்டில் பழகிய இன்னொரு நோயாளி சொல்லியிருக்கிறார். தட்டினால் வரவும் செய்தது. “அவுகளுக்குத் தானாப் போவுதே, இனி டியூப் எதுக்குன்னு விட்டுட்டோம் டாக்டர்.”

அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. நின்றுபோன ஒன்று திரும்ப வந்தால் குணம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் திரும்பி வந்தது கட்டுப்பாடு இல்லை, தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் மட்டும். அதிர்ச்சி நிலை தணிந்ததும், சாதாரணமாக அடங்கிக் கிடக்கும் சி-இழைகள் என்ற மெல்லிய உணர்வு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. நீர்ப்பை கொஞ்சம் விரிந்தாலே அவை சாக்ரல் கண்டங்களைத் தூண்டி டெட்ரூசரைச் சுருங்கவைக்கும். அதே தூண்டுதல் சுருக்குத்தசையையும் இறுக்கும். தளர் என்று சொல்ல வேண்டிய பான்ஸின் குரல் அங்கே எட்டாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி. இடுக்கில் கொஞ்சம் கசியும், அந்தக் கசிவைத்தான் குடும்பம் குணம் என்று கொண்டாடியது.

ஏழாம் மாதம் குளிர்காய்ச்சலோடு வந்தார். அதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. தலை வெடிக்கிறது என்றார். முகமும் கழுத்தும் சிவந்து வேர்வை கொட்டியது, மார்புக்குக் கீழே தோல் வறண்டு ரோமம் சிலிர்த்திருந்தது. ரத்த அழுத்தம் 190/110, நாடித் துடிப்பு 52. வீட்டுக்குப் போகும்போது அவருடைய ரத்த அழுத்தம் 100/60.

தண்டுவட அடி ஆறாவது மார்புக் கண்டத்துக்கு மேலே இருப்பவர்களுக்கு வரும் ஆபத்து இது, தன்னியக்க நரம்புகளின் மிகை எதிர்வினை. நிறைந்த நீர்ப்பையின் செய்தி தண்டுவடத்தில் நுழைந்து பரிவு நரம்புகளைக் கண்மண் தெரியாமல் தூண்டிவிடும். வயிற்றிலும் கால்களிலும் ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். மூளை அதைக் கண்டுபிடித்து இதயத்தை மெதுவாக்கும், தன் கைக்கு எட்டுகிற முகத்தின் ரத்தக்குழாய்களை விரிக்கும். கீழே இருப்பவற்றைத் தளர்த்த அதனால் முடியாது. கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவுவரை போகும்.

நேராக உட்காரவைத்தோம், இடுப்புத் துணியைத் தளர்த்தினோம், மரத்துப்போகும் ஜெல்லி தடவி டியூப் போட்டோம். 480 மி.லி. கலங்கலாக வந்தது. ஒரேயடியாக வடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பத்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் 130/80, தலைவலி போய்விட்டது. மனைவி நம்ப முடியாமல் பார்த்தார். “தலைவலிக்கு டியூப்பா டாக்டர்?” என்று கேட்டார்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் நீர் கோத்து விரிந்திருந்தன. நீர்ப்பையின் சுவர் தடித்திருந்தது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.8. ஏழு மாதத்தில் இவ்வளவு.

அளந்து பார்த்தபோது

காய்ச்சல் தணிந்து தொற்று அடங்கியபின் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை செய்தோம். மெல்லிய குழாய் வழியாக உப்புநீரை மெதுவாக ஏற்றிக்கொண்டே நீர்ப்பையின் அழுத்தத்தையும், தோலில் ஒட்டிய மின்வாய்கள் மூலம் சுருக்குத்தசையின் செயலையும் ஒரே திரையில் பார்ப்பது.

140 மி.லி. ஏறியபோது டெட்ரூசர் சுருங்க ஆரம்பித்தது. 220 மி.லி.யில் அழுத்தம் 92 செ.மீ. நீர் அளவுக்குப் போனது, அதாவது அவ்வளவு உயரத்துக்கு நீரைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம். சுருக்குத்தசையின் கோடு அடங்க வேண்டிய அதே நேரத்தில் அடர்த்தியாகக் குதித்தது. வெளியே வந்தது சில சொட்டு. 300 மி.லி.யில் அவருடைய ரத்த அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கியதால் நிறுத்தி வடித்துவிட்டோம்.

92 என்பது எவ்வளவு பெரியது என்று புரிய இன்னொரு எண் வேண்டும். நீர்ப்பையின் அழுத்தம் நீண்ட நேரம் 40 செ.மீ. நீருக்கு மேல் இருந்தால் சிறுநீரகங்கள் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பது 1981 முதல் எங்கள் துறை கைக்கொண்டுவரும் அளவு. இவருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், நாளெல்லாம், பல தடவை. விரலால் தட்டிய ஒவ்வொரு தடவையும் இந்தச் சுருக்கத்தைத்தான் அவர் தூண்டிக்கொண்டிருந்தார்.

திரையை அவருக்கே காட்டினேன். மேல்கோடு ஏறுவதையும் கீழ்க்கோடு குதிப்பதையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுதே” என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு இருக்கும் நீளமான பெயரைவிட அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

துணி நனைகிறது என்பதுதான் வருகிற எல்லாருடைய முறையீடும். நனைவது அவமானம், படுக்கைப்புண்ணுக்கும் வழி, அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது அழுத்தம். அது வலிக்காது, நாறாது, அளக்காமல் தெரியாது. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும்தான் இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, நீர்ப்பைக்கும் தோலுக்கும் ஒழுங்கான கவனிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது. நம் ஊரில், 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமாக இருந்தவரும் அவர்தான். தண்டுவடத்தில் அடிபட்ட பிறகும் நீண்ட வாழ்க்கை உண்டு என்று நோயாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் அவரைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

என்ன செய்தோம்

சிறுநீரகங்கள் இளைப்பாறட்டும் என்று இரண்டு வாரம் டியூப்பை உள்ளேயே வைத்தோம். தொற்றுக்கு ஊசி மருந்து. பிறகு மறுபடியும் சுய வடிப்பு முறை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. டெட்ரூசரைத் தூண்டும் அசிட்டைல்கோலினைத் தடுக்க ஆக்சிபியூட்டினின் மாத்திரை.

இந்த வடிப்பு முறையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், நாளுக்கு ஐந்து தடவை குழாய் செருகினால் கிருமி போகாதா என்று. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர் இதற்குப் பதில் சொன்னார். அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கை போதும், நேரம் தவறாமல் செய்வதுதான் முக்கியம் என்றார். நீர்ப்பை மிஞ்சி விரிந்தால் அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் கிருமியை எதிர்க்கும் சக்தி போகும் என்பது அவருடைய வாதம். அப்போது பலர் ஏற்கவில்லை. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் வழி.

நேரம் தவறாமல் செய்தும் காலை 6 மணிக்கு மட்டும் 700 மி.லி. வந்துகொண்டிருந்தது. இரவில் தண்ணீரே குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அவர் கால்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பகலெல்லாம் சக்கர நாற்காலியில் தொங்கிய பாதங்களில் நீர் கோத்திருந்தது. படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கியிருக்கிறது. மதியம் இரண்டு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுக்கச் சொன்னோம். பத்து நாளில் காலை அளவு 400-க்கு வந்தது. மருந்து எதுவும் மாற்றவில்லை.

மாத்திரையால் வாய் வறண்டது, மலம் கட்டியது. மலச்சிக்கலும் இவருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் அதையும் விடாமல் கவனித்தோம். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது சுருக்கம் 240 மி.லி.யில் வந்தது, அழுத்தம் 48. முன்னேற்றம்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. சிறுநீரியல் நிபுணர் நீர்ப்பைச் சுவரில் போட்டுலினம் டாக்சின் 200 யூனிட்டை முப்பது இடங்களில் ஊசியாகப் போட்டார். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சுரப்பதையே அது சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும். ஆறு வாரத்தில் 420 மி.லி. ஏற்றியும் டெட்ரூசர் அசையவில்லை, அழுத்தம் 15-க்குக் கீழே. சுருக்குத்தசை முன்போலவே இறுகத்தான் செய்தது. தள்ளுவதற்கு ஆளில்லாததால் அது சேமிப்புக்கு உதவியாகிவிட்டது. வடிப்பதற்கு அவருடைய கைகள் இருந்தன.

அதற்கு நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிறுநீரகங்களின் வீக்கம் வற்றியிருந்தது. கிரியாட்டினின் 1.0. தசை மெலிந்தவருக்கு இந்த எண் உள்ளதைவிட நன்றாகக் காட்டும் என்பதால் அதோடு திருப்திப்படாமல் வேறு முறையிலும் சிறுநீரகத் திறனைப் பார்த்தோம். கொஞ்சம் இழப்பு இருக்கிறது, நிலையாக இருக்கிறது. ஊசி ஒன்பது மாதத்தில் தளர்ந்தது, மறுபடி போட்டோம். வருடத்துக்கு ஒரு ஸ்கேனும் அழுத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க வேண்டும் என்று இந்தத் தடவை கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

சென்ற முறை வந்தபோது ஒரு பழைய நீள நோட்டைக் கொண்டுவந்தார். முன்பாதியில் பதநீர்க் கணக்கு, எந்த மரம், எத்தனை லிட்டர் என்று. பின்பாதியில் நேரமும் மி.லி.யும். ஒரு வரிக்குப் பக்கத்தில் “நெத்தி வேர்த்துச்சு” என்று எழுதியிருந்தார். கேட்டேன்.

“முட்டுறது எனக்குத் தெரியாதுல்ல டாக்டர். ஆனா நேரம் கொஞ்சம் தள்ளிப்போனா நெத்தி வேர்க்கும், கையில ரோமம் சிலுக்கும். அதுதான் இப்போ எனக்கு முட்டுறது” என்றார்.

அது ரத்த அழுத்தம் ஏறத் தொடங்குவதன் அடையாளமும்கூட, அதற்காகக் காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். நோட்டைப் புரட்டினேன். அந்த மாதத்தில் அப்படி எழுதியிருந்தது இரண்டு நாள் மட்டும், இரண்டும் கருப்பட்டி வியாபாரத்துக்குச் சந்தைக்குப் போன நாள்.